அரைக் கிலோ எடைக்கல்

நிர்பீக் ரிவால்வரைக் கையில் வாங்கியதும் எனக்கு ஞாபகம் வந்தது, ஏரியூரில் மாமா கடைத் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் அரைக் கிலோ எடைக்கல். அச்சு அசல் அதே கனம். சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேசைமேல் நகைப்பெட்டிபோல ஒரு மெரூன் பெட்டி. கடைக்காரர் அதைத் திறந்து ரிவால்வரை எடுத்தார். அறை ஆறும் காலி என்று திறந்து காட்டிய பிறகுதான் நீட்டினார். வெள்ளிபோல் மினுங்கும் டைட்டானியக் கலவை உடல், வழவழவென்று மரப்பிடி. "லேடீஸுக்குன்னே செஞ்சது மேடம். ஹேண்ட்பேக்குல வச்சா வெளிய தெரியவே தெரியாது" என்றார்.

வாங்க வந்தவர் நானில்லை, மாமா. அவர் புளியும் நிலக்கடலையும் வாங்கி விற்கிறவர். நெருப்பூர், சுஞ்சல்நத்தம் என்று ஊர் ஊராகப் போய்க் கொள்முதல் செய்வார். சரக்கு சேர்ந்தால் நாகமரைத் துறையில் படகேறி, மேட்டூர் அணைத் தண்ணீரைத் தாண்டி, அக்கரையில் பண்ணவாடிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். பொழுது சாயத் திரும்பும்போது மடியில் ரொக்கம் இருக்கும். ஒருநாள் இருட்டில் வண்டியை யாரோ நெடுந்தூரம் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தாத்தா காலத்துப் பயிர்க்காவல் துப்பாக்கி ஒன்று முறையான லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. கருமருந்து கிட்டித்துச் சுடும் நீளக்குழல். அதை இடுப்பில் செருகிக்கொண்டு போக முடியாது. "சின்னதா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன் கண்ணு. நீ படிச்சவ, கூட வந்து பாரு" என்றார். கூடப் போனேன். பார்த்தேன். அதன்பிறகு ஒரு வாரம் நாங்கள் இருவரும் செய்து பார்த்த சோதனையும் சேர்ந்ததுதான் இந்த மதிப்பீடு.

முதலில் பொருளை மட்டும் எடைபோடுகிறேன். தேவை உண்டா என்பது பிறகு.

நிர்பீக் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் தயாரிப்பு. 2014 ஜனவரியில் வெளிவந்தது. 500 கிராம், .32 அளவுத் தோட்டா ஆறு, அப்போதைய விலை 1,22,360 ரூபாய். இந்தியாவில் பெண்களுக்கென்று செய்த முதல் துப்பாக்கி என்று சொல்லி விற்றார்கள். நிர்பீக் என்றால் அஞ்சாதவர். 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்டு, பிறகு இறந்த பெண்ணுக்கு நாடு வைத்த பெயர் நிர்பயா. அந்தப் பெயரின் சாயலில்தான் இந்தப் பெயரும் பிறந்தது. பெயரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதற்கு முன் இரும்பைப் பார்ப்போம்.

கையில் அது நன்றாகவே உட்காருகிறது. மரப்பிடி என் போன்ற சின்னக் கைக்கும் அடங்குகிறது. பேரலுக்குப் பின்னால் உள்ள தாழை அழுத்தினால் முன்பாதி கீல் மாதிரி கீழே மடிந்து திறக்கிறது. திறக்கும் வேகத்திலேயே நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி, சுட்ட ஆறு கூடுகளையும் ஒரே தள்ளலில் வெளியே தள்ளிவிடும். இது பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த வெப்லி ரிவால்வரின் வழிவந்த அமைப்பு. கூட்டைத் தள்ளுவதில் இதைவிட எளிமையானது கிடையாது. குறை என்னவென்றால், சட்டகம் இரண்டு துண்டு. ஒவ்வொரு வெடியும் கீலையும் தாழையும் இழுத்துப் பார்க்கும். ஆண்டுக்கணக்கில் சுட்டால் அங்கேதான் ஆட்டம் கொடுக்கும். .32 மெதுவான தோட்டா என்பதால் இந்த அமைப்பு தாக்குப்பிடிக்கிறது.

அந்த மெதுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டில் குடிமகன் வாங்கும் ரிவால்வரின் தலைவிதி அதில்தான் இருக்கிறது. 9 மி.மீ., .38, .455 போன்ற அளவுகளைச் சட்டம் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. அவை படைக்கும் போலீஸுக்கும் உரியவை. குடிமகனுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது .32. இது 1896-ல் அமெரிக்காவில் பிறந்த தோட்டா. ஏறத்தாழ ஆறரை கிராம் ஈயம், நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் ஆற்றல் 150 ஜூல் அளவில் நிற்கிறது. சாதாரண 9 மி.மீ. தோட்டாவுக்கு இதைப்போல மூன்று மடங்கு உண்டு. துப்பாக்கி தெரிந்தவர்கள் .32-ஐ இளப்பமாகப் பேசுவது இதனால்தான். அந்தப் பேச்சை நான் அப்படியே ஏற்கவில்லை. அதே அரைக் கிலோ துப்பாக்கியில் 9 மி.மீ. தோட்டா வெடித்தால் கையில் விழும் உதை நாலு மடங்குக்குக் குறையாது. பழக்கமில்லாத கை முதல் வெடியிலேயே மிரண்டுவிடும். .32 மிரட்டாது. போட்டிகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இன்றும் இந்தத் தோட்டாவை விரும்புவது அந்த அமைதிக்காகத்தான். உலகில் இன்று விற்கும் சின்னத் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் நிர்பீக் பின்தங்கித்தான் நிற்கிறது. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 ஏறத்தாழ இதே அரைக் கிலோவுக்குள் பத்து 9 மி.மீ. தோட்டாக்களை வைத்திருக்கிறது. ஆனால் ஏரியூர்க்காரர் அதை வாங்க வழியில்லை. வாங்க முடியாத பொருளோடு ஒப்பிட்டு இதைத் தள்ளுவது நியாயமாகாது.

எனக்கு உண்மையில் இடித்தது டிரிகர். கடைக்காரர் அனுமதி கொடுக்க, சுவரைப் பார்த்து ஒருமுறை காலியாக இழுத்துப் பார்த்தேன். சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் பிறகு டிரிகர் லேசாகத்தான் இருக்கிறது. அவசரத்தில் யார் அதைச் செய்வார்கள்? சுத்தியைத் தொடாமல் டிரிகரை மட்டும் இழுத்தால், அந்த ஒரு விரலே சுத்தியைத் தூக்கவும் வேண்டும், சிலிண்டரைச் சுற்றவும் வேண்டும். விரல் பாதி தூரம் போவதற்குள் பேரல் முனை இடதுபக்கம் சாய்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இழுக்கும் விசையோ துப்பாக்கியின் கனத்தைப்போலப் பல மடங்கு. துப்பாக்கி லேசாக லேசாக இந்தத் தடுமாற்றம் கூடும். கனமான துப்பாக்கி தன் பாரத்தாலேயே அசையாமல் நிற்கும், லேசானது விரல் போன பக்கம் போகும். பெண்ணுக்கு என்று சொல்லி எடையைக் குறைத்தவர்கள், அதே பெண்ணின் விரலுக்கு இந்த இழுவையைக் குறைத்துக் கொடுக்கவில்லை. இதை வடிவமைப்பின் குறை என்றே சொல்வேன். பழகினால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். பழகத்தான் வேண்டும், நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும். லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. ஏரியூர்ப் பக்கம் சுட்டுப் பழக ஒரு களமும் கிடையாது. கொல்லையில் நின்று சுட்டுப் பார்க்க இது கவண்கல் இல்லை.

பக்கத்துப் பெட்டியில் பிரபல் இருந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை அரசு ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, கான்பூரைத் தலைமையாகக் கொண்டு ஒன்று உருவானது. திருச்சி தொழிற்சாலையும் அதற்குள்தான் வருகிறது. அந்த நிறுவனம் 2023 ஆகஸ்டில் பிரபலைக் கொண்டுவந்தது. அதே .32. தோட்டா இல்லாமல் 700 கிராம், பேரல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிறது. சட்டகம் ஒரே துண்டு, எனவே கீல் ஆடும் கவலை இல்லை. 200 கிராம் கூடியதால் டிரிகரை இழுக்கும்போது முனை அவ்வளவாகச் சாயவில்லை. பொருளாகப் பார்த்தால் இரண்டில் பிரபல்தான் மேல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பிரபலை விற்றவர்கள் முன்னால் வைத்த பெருமை வேறு. 50 மீட்டர் வரை சுடலாம், மற்ற ரிவால்வர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்றார்கள். இடுப்பில் மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு இது ஒரு பெருமையா? வழிப்பறிக்காரன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நிற்பான். 50 மீட்டருக்கு அப்பால் நிற்கிறவனால் உயிருக்கு ஆபத்து என்று எந்தக் கோர்ட்டில் சொல்வது? தற்காப்பு உரிமை முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. எண் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் கேடு செய்யக்கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. தூரம் கூடக் கூட அவகாசமும் கூடும். விளம்பரம் எதைப் பலம் என்று சொல்கிறதோ அதுவே வழக்கில் பலவீனமாகிவிடும்.

இனி, மறைத்துச் சுமப்பது. நம் ஊர்ப் பேச்சில் மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கி என்றாலே கள்ளத் துப்பாக்கி என்று அர்த்தம். ஆனால் 2016 படைக்கல விதிகள் சொல்வது நேர்மாறு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் அது உடம்போடு சேர்ந்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், சுமப்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதே குற்றம். ஆக, மறைப்பது விருப்பம் இல்லை, கடமை. அதை இருபத்துநாலு மணிநேரமும் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை என்று தோன்றியது. கடையில் எடைக்கல் இருக்கிறது. நிர்பீக்குக்கு அரைக் கிலோ. பிரபலுக்கு அரைக் கிலோவும் இருநூறும். மாமாவும் அவர் போன்றவர்களும் வேட்டிக்கு மேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டில் ஒரு பை உண்டு. எழுநூறு கிராமைத் துணியில் சுற்றி அவர் அதில் வைத்துக்கொண்டார். அரைக் கிலோவை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்லை ஒரு வாரம் துப்பாக்கி என்றே நினைத்து நடக்க வேண்டும், எங்கேயும் கழற்றி வைக்கக் கூடாது என்று ஏற்பாடு.

முதல் நாளே மாமாவுக்குத் தெரிந்தது, பெல்ட் ஒருபக்கம் இறங்குகிறது. இறங்கினால் வேட்டியும் இறங்கும். ஏற்றிக் கட்டுவதற்காக ஒவ்வொரு தடவையும் சட்டையைத் தூக்கினார். தூக்கும்போதெல்லாம் பை வெளியே தெரிந்தது. "என்ன மாமா, இன்னைக்கு வசூல் பலமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பணம் இருப்பதை மறைக்கப் போய், ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆனது. மொபெட்டில் உட்கார்ந்தால் கல் அடிவயிற்றில் குத்தியது. படகில் வேறு மாதிரி. நாகமரையில் ஏறும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத்தான் ஏறுவார்கள், மூட்டை மாறும், வண்டியைத் தூக்கி வைக்கும்போது கை கொடுக்க வேண்டும். இடுப்பில் யார் கை எப்போது படும் என்று சொல்ல முடியாது. நாலாம் நாள் ஒரு சாவு வீடு. வேட்டியோடு குளத்தில் முழுக வேண்டும். பெல்ட்டைக் கழற்றிக் கரையில் வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. கழற்றாமல் முழுகவும் முடியாது. கரையில் நின்று பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "உண்மையான சாமானா இருந்தா, செத்தவருக்கு அழறதா, இதைப் பாக்கறதா?" என்று அன்று ராத்திரி கேட்டார்.

என் கதை பேருந்தில். ஏரியூரிலிருந்து பென்னாகரம் போகிற காலைப் பேருந்தில் நிற்கவே இடம் கிடைக்காது. மூன்றாம் நாள். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் வைத்துவிட்டேன். நம் பேருந்துகளில் இதற்குக் கேட்கக்கூட வேண்டியதில்லை, நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். அந்த அம்மா பையை ஒருமுறை தூக்கிப் பார்த்து, "என்னம்மா இந்தக் கனம் கனக்குது, கல்லா?" என்றார். அவர் மடியில் ஏற்கெனவே ஒரு பேரக்குழந்தை. குழந்தை பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஜிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உள்ளே இருந்தது எடைக்கல். நிர்பீக்காக இருந்திருந்தால், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை முன்பின் தெரியாத ஒருவர் மடியில், குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பேன். விதியை மீறியதற்கு லைசென்ஸ் போவது இருக்கட்டும், நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. நான் கவனக்குறைவான ஆள் இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பேருந்தில் ஊறிய பழக்கம், மூன்று நாள் ஏற்பாட்டைவிட வலுவாக இருந்தது. அவ்வளவுதான். 'கைப்பையில் வைத்தால் தெரியாது' என்ற வாக்கியத்தை எழுதியவருக்கு நம் ஊர்ப் பெண்களின் கைப்பை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. அது ஒரு நாளில் பத்துக் கை மாறும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை அதில் தின்பண்டம் தேடும். ரேஷன் கடையில் வரிசைக்கு அடையாளமாகத் தரையில் உட்காரும்.

எடுக்கும் வேகத்தையும் பார்த்தோம். மாமா கடைவாசலில் சாவகாசமாக நிற்கும்போது, நான் பின்னாலிருந்து திடீரென்று குரல் கொடுக்க வேண்டும், அவர் கல்லைக் கையில் எடுக்க வேண்டும். சட்டையைத் தூக்கி, பித்தானைக் கழற்றி, துணியோடு கல்லை எடுக்க அவருக்கு ஆறேழு நொடி ஆனது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் நடக்காது. பைக்கில் பின்னாலிருந்து வந்து சங்கிலியை அறுக்கிறவனுக்கு ஆறு நொடி என்பது அடுத்த வளைவைத் தாண்டும் நேரம். அந்த நிலையில் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர், ஓடுகிறவன் முதுகைத்தான் சுடுவார். அது தற்காப்பு ஆகாது. வழிமறித்து முன்னால் கத்தியோடு நிற்கிறவனிடமோ, ஆறு நொடி தடவினால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். அப்புறம் அது ஊரில் இன்னொரு கள்ளத் துப்பாக்கி.

துப்பாக்கி என்றால் இந்தப் பக்கத்துக்கு என்ன என்பதையும் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு எதிர்க்கரையும் மேற்கே தெரியும் மலையும் வீரப்பன் நடமாடிய காடு. 2004 அக்டோபர் 18 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டி அருகில்தான் அவர் கொல்லப்பட்டார். அதுவரை நடந்த தேடலில் மலையோர மக்கள் என்ன பட்டார்கள் என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் முன் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு புடைத்திருந்தாலே நிறுத்தி விசாரித்த காலம் அது. துப்பாக்கி வைத்திருப்பவரைத் தேடுகிறவர்கள், தேடப்படுகிறவர்கள் என்று இரண்டு பக்கமும் சந்தேகப்படும் என்பதை இங்கே வயதானவர்கள் பட்டறிந்து வைத்திருக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிப்பதும், ஊரார் கொண்டுவந்து கொடுப்பதும் இன்றும் நடக்கிறது. அத்தையிடம் இந்த யோசனையைச் சொன்னபோது அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேண்டாம்." காரணம் கேட்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இங்கே துப்பாக்கி தேவைப்படுவது பயிருக்கு என்று ஒரு வாதம் உண்டு. அது நியாயமான வாதம். நிலக்கடலைக் காட்டைக் காட்டுப்பன்றி ஓரிரவில் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1959 படைக்கலச் சட்டமே, பயிர்க்காவலுக்குக் கருமருந்துத் துப்பாக்கி கேட்கும் குடிமகனைத் தனியாகக் குறிப்பிட்டு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது நீளக்குழல் துப்பாக்கிக்குப் பொருந்தும். ரிவால்வர் பன்றிக்கும் உதவாது, யானைக்கு முன்னால் நினைக்கவே வேண்டாம். 150 ஜூல் ஈயம் யானைக்குக் கோபத்தை மட்டும்தான் ஊட்டும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். நிர்பீக் வெளிவந்தபோதே, துப்பாக்கி வன்முறைக்கு எதிராகப் போராடிவரும் பினாலட்சுமி நேப்ரம் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் மணிப்பூர்க்காரர், துப்பாக்கியால் விதவைகளான பெண்களோடு வேலை செய்கிறவர். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதற்கு நான் பார்க்கும் காரணங்கள் ஏரியூரிலேயே இருக்கின்றன. 2014-15-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் கூலி நாளுக்கு 167 ரூபாய். நிர்பீக்கின் விலையை அந்தக் கூலியால் வகுத்தால் 732 நாளுக்கு மேல் வருகிறது. ஆண்டுக்கு நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, ஒரு ரூபாய் செலவழிக்காமல் வைத்தாலும் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். இருட்டில் ஒற்றையாக நடந்து வீடு சேர்கிற பெண் யார், 1,22,360 ரூபாய் கொடுக்கக்கூடிய பெண் யார்? இருவரும் ஒருவர் இல்லை. விலை கொடுக்க முடிந்தவர் வாசலில் கார் நிற்கும்.

பணம் ஒருபக்கம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்பதை. உறவு, அண்டைவீடு, வேலை கொடுத்தவன். அவனுக்கு எதிராகக் கைப்பையைத் திறக்கும் கணம் எது? வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறவனுக்குத் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். தில்லிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. தெருவிளக்கும், நம்பி ஏறக்கூடிய பேருந்தும், புகாரைப் பதிவுசெய்யும் போலீஸும் அதில் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே ஓர் அரசுத் தொழிற்சாலை அந்தப் பெண்ணின் நினைவை மெரூன் பெட்டிக்குள் வைத்து விற்றது. அரசு செய்யவேண்டிய காவலை ஆறு தோட்டாவாக மாற்றி, விலையையும் அவள் தலையிலேயே கட்டிய செயல் அது. பொருளில் எவ்வளவு வேலைப்பாடு இருந்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நிர்பீக்கை ஏரியூரில் ஆணும் வாங்க வேண்டாம், பெண்ணும் வாங்க வேண்டாம். லேசாக்கிய இடத்தில் குறியைக் கெடுத்திருக்கிறார்கள். அதற்கு ஏற்ற பயிற்சி கிடைக்க இங்கே வழியில்லை. கைப்பையில் சுமக்கலாம் என்ற அதன் முதல் வாக்குறுதியே நம் வாழ்க்கைக்குப் பொய். பெயர் சொல்லக்கூடிய எதிரியிடமிருந்து உயிருக்கு மிரட்டல் உள்ளவர், மாவட்ட ஆட்சியர் முன் அதை நிரூபித்து லைசென்ஸ் பெற்றவர், வெளியூர் போயாவது மாதாமாதம் சுட்டுப் பழகக்கூடியவர், பேருந்திலும் படகிலும் போகவேண்டிய தேவை இல்லாதவர் - அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பிரபல் போதுமான கருவி. 50 மீட்டரை மறந்துவிட்டு, ஒரு துண்டுச் சட்டகத்துக்காகவும் கூடுதல் இருநூறு கிராமுக்காகவும் வாங்கலாம். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். அந்த ஆள் மாமா இல்லை. அவருக்கு எதிரி கிடையாது. இருட்டும் ரொக்கமும்தான் இருந்தன.

ரொக்கத்தைப் பற்றி அக்கரை வியாபாரியிடம் பேசினோம். பேரம் முடிந்ததும் பெரிய தொகையைப் பேங்கில் போட்டுவிடுவதாகவும், உழவர்களுக்குக் கொடுக்கும் சில்லறைப் பட்டுவாடாவுக்கு மட்டும் ரொக்கம் என்றும் முடிவானது. மாமா முதலில் முனகினார், கையில் வாங்கி எண்ணிப் பார்த்தால்தான் அது பணம் என்கிற தலைமுறை அவர். கடைசிப் படகுக்கு முந்திய படகில் திரும்புவது என்றும் வைத்துக்கொண்டார். ஒருநாள் பேங்கிலிருந்து பணம் வந்த மெசேஜை என்னிடம் காட்டி, சைபர்களை எண்ணச் சொன்னார்.

எட்டாம் நாள் காலையில் பெல்ட்டிலிருந்து கல்லை எடுத்துத் துணியைப் பிரித்தார். ஒரு வார வியர்வையில் இருநூறு கிராம் கல்லின் ஓரம் துருவேறியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். புளி கொண்டுவந்திருந்த ஒரு பாட்டி வாசலில் காத்திருந்தார். மாமா கல்லைத் தராசுத் தட்டில் வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.